வாட்ச் காட்டும் எச்ஆர்வி உதைக்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கோவை ரேஸ் கோர்ஸில் எங்களோடு ஓடும் அண்ணன் ஒருவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. ஒரு நாள் ஓட்டம் முடிந்து இளநீர்க் கடையில் நிற்கும்போது மணிக்கட்டை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "பாருங்க தம்பி, முப்பதத் தாண்டாத வாட்சு இன்னிக்கு காத்தால அறுபத்தி நாலு காட்டுதுங்க. வயசு பாதியாயிருச்சுங்களா?"

வயது பாதியாகவில்லை. வாட்சும் கெட்டுப்போகவில்லை. என்ன நடந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். இதயத் துடிப்புகளின் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும் எச்ஆர்வி என்ற எண் அது, வயது ஏற ஏறக் குறையும். அதற்கு முன்னால், சில வருடமாக இந்த எண்ணோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் பிடிபட்ட ஒன்று. எச்ஆர்வி திடீரென்று ஏறினால் அளவெடுத்த விதத்தை முதலில் சந்தேகப்படுங்கள். இறங்கினால் முந்தின நாள் என்ன செய்தோம் என்று யோசியுங்கள். நாமோ தலைகீழாகச் செய்கிறோம். ஏறினால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குரூப்பில் போடுகிறோம், இறங்கினால் வாட்சைத் திட்டுகிறோம்.

ஏன் அப்படி என்பது எண் எப்படி வருகிறது என்று பார்த்தால் விளங்கிவிடும்.

நாடி நிமிடத்துக்கு 60 என்றால் விநாடிக்கு ஒன்று என இதயம் தாளம் தப்பாமல் அடிக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 1000 மில்லி விநாடி இருக்கும், அடுத்து 1030, அதற்கடுத்து 990. மூச்சை இழுக்கும்போது துடிப்பு லேசாக வேகமெடுக்கும், விடும்போது தணியும். இதை 1847இலேயே ஜெர்மன் உடலியலாளர் கார்ல் லுட்விக் பதிவுசெய்துவிட்டார். இந்த ஏற்ற இறக்கத்தை ஒரே எண்ணாகச் சுருக்குவதுதான் எச்ஆர்வி. பெரும்பாலான விளையாட்டு வாட்ச்கள் இதற்கு ஆர்எம்எஸ்எஸ்டி என்ற கணக்கைப் போடுகின்றன. பக்கத்துப் பக்கத்து இடைவெளிகளைக் கழித்து, வரும் வித்தியாசங்களை வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, அதன் வர்க்கமூலத்தைக் காண்பது.

கையால் போட்டுப் பாருங்கள். பதினோரு இடைவெளி: 1000, 1030, 990, 1020, 1000, 1040, 1010, 980, 1010, 1000, 1030. வித்தியாசங்கள் 30, 40, 30, 20, 40, 30, 30, 30, 10, 30. வர்க்கங்களைக் கூட்டினால் 9100. பத்தால் வகுத்தால் 910. வர்க்கமூலம் 30. அண்ணனின் வழக்கமான எண் இதுதான்.

இப்போது நடுவில் ஒரு துடிப்பை சென்சார் தவறவிட்டது என்று வையுங்கள். 1020, 1000 இரண்டும் ஒட்டிக்கொண்டு 2020 ஆகிவிடும். மற்ற எதையும் தொடாமல் அதே கணக்கைப் போட்டால் வருவது 475! பத்துத் துடிப்பு மிகக் குறைவு, அதனால்தான் இவ்வளவு பெரிய கூத்து என்பீர்கள். சரி, ஐந்து நிமிடம், 300 துடிப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். அதில் ஒன்றே ஒன்று தவறினாலும் 30 என்பது 88 பக்கம் போய்விடும். வர்க்கப்படுத்துவதால் வரும் வினை இது. சின்ன வித்தியாசம் சின்னதாகவே இருக்கும், பெரிய வித்தியாசமோ பூதமாகிவிடும். அளவுப் பிழை பெரும்பாலும் எண்ணை மேலே தள்ளுவதற்குக் காரணமும் இதுவே.

வாட்ச் கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியும். சந்தேகமான இடைவெளிகளை வடிகட்டித்தான் எண்ணைக் காட்டுகிறார்கள். ஆனால் வடிகட்டியிலும் ஓட்டை உண்டு. இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

எண் ஒரே நாளில் இரண்டு மடங்காக ஏறிவிட்டது

முதலில் மணிக்கட்டைப் பாருங்கள். வாட்சின் பின்பக்கம் பச்சை விளக்கு ஒன்று தோலுக்குள் ஒளியை அனுப்பி, ரத்தம் வந்து போகும்போது திரும்பி வரும் ஒளி எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கிறது. ஈசிஜியில் தெரிவது போன்ற ஊசிமுனை இதில் கிடையாது, மேடு வழவழப்பாக உருண்டிருக்கும். அந்த மேட்டின் உச்சி எந்தக் கணத்தில் வந்தது என்பதை வாட்ச் கணித்துத்தான் சொல்கிறது. வெளி வெளிச்சம் உள்ளே புகுந்தாலோ, வாட்ச் அரை மில்லி மீட்டர் நகர்ந்தாலோ அந்தக் கணிப்பு தப்பும்.

என் சொந்தக் கதை ஒன்று. ஒரு வாரம் தொடர்ந்து என் எண் தாறுமாறாக ஏறிக் கிடந்தது. ரீஸ்டார்ட் செய்தேன், சென்சாரைத் துடைத்தேன், ஸ்ட்ராப்பைக்கூட மாற்றினேன். கடைசியில் பார்த்தால் மருதமலையில் கட்டிவிட்ட கயிறு, தூக்கத்தில் உருண்டு வாட்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டிருக்கிறது. கயிற்றின் முடிச்சு சென்சாரை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்து, திரும்பிப் படுக்கும்போதெல்லாம் இடைவெளி விட்டிருக்கிறது. கயிற்றை வலக்கைக்கு மாற்றியதும் எண் பழைய இடத்துக்கு வந்தது. காப்பு, வளையல், ரப்பர் பேண்ட் எதுவானாலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது: மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல்கடை மேலே வாட்சைக் கட்டுங்கள். கையை உதறினால் நகரக் கூடாது. காலையில் கழற்றும்போது லேசான தடம் இருக்கலாம், ஆழமாகப் பதிந்திருந்தால் அதிக இறுக்கம். இறுக்கம் கூடினால் அடியில் ரத்த ஓட்டம் குறைந்து அலையே தட்டையாகிவிடும். படுக்கும் முன் கைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பவர்கள் வாட்ச் உட்காரும் இடத்தை மட்டும் துடைத்துவிடுங்கள். அந்த இடத்தில் அடர்ந்த பச்சை குத்தியிருந்தால் வேறு கைக்கு மாற்றிப் பார்க்கலாம். மாற்றிய பிறகு அங்கேயே வைத்திருங்கள். நாளுக்கொரு கை என்றால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் எண் ஏறியே இருந்தால் அடுத்த சந்தேகம், வாட்ச் உண்மையைத்தான் சொல்கிறதோ என்பது. அண்ணனுக்கு நடந்தது அதுதான். அவருடைய காப்பும் கயிறும் சரியாகத்தான் இருந்தன. பெஞ்சில் உட்காரவைத்து அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். டக், டக், டக், டக்டக்... நீண்ட இடைவெளி... டக். ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருகிறது, அதன் பிறகு இதயம் கொஞ்சம் காத்திருந்து மறுபடி தாளத்துக்கு வருகிறது. மருத்துவர்கள் இதை எக்டோபிக் துடிப்பு என்பார்கள். இடைவெளியில் சொன்னால் 1000, 600, 1400, 1000. மேலே போட்ட கணக்கில் ஐந்து நிமிடத்துக்கு இப்படி ஒன்றே ஒன்று வந்தால்கூட 30 என்பது 64 ஆகும். அண்ணன் வாட்ச் காட்டிய எண்ணும் 64. அது தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் கணக்கைக் காட்டியதும் மனிதர் அமைதியாகிவிட்டார்.

இப்படி அவ்வப்போது முந்தும் துடிப்பு ஆரோக்கியமானவர்களுக்கும் வருவது உண்டு. தூக்கம் கெட்டாலோ, காபி கூடினாலோ, மனம் உளைந்தாலோ சிலருக்கு அதிகமாகும். அதற்காக நாமே "ஒண்ணும் இல்ல" என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. அண்ணன் மருத்துவரிடம் போய், துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் கட்டி, பயப்பட வேண்டியதில்லை என்று அவர் வாயால் கேட்ட பிறகுதான் மறுபடி ஓட வந்தார். ஒன்றிரண்டு துடிப்பு மட்டும் தவறுவதாக இல்லாமல், நாடி எந்த ஒழுங்கும் இன்றி முழுக்கவே தாறுமாறாக ஓடினால் அது ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் என்ற இதயத் தாளக் கோளாறாக இருக்கலாம். அதிலும் எச்ஆர்வி எண் எகிறும். அந்த எண்ணுக்கும் உடல் தகுதிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சு வாங்கல் இவற்றில் ஏதாவது கூடவே இருந்தால் இந்தக் கட்டுரையை அப்படியே விட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ஏற்றத்துக்கு இன்னும் இரண்டு எளிய காரணங்கள் உண்டு. ஒன்று மூச்சு. நிமிடத்துக்கு ஆறு என்று மெதுவாக மூச்சு விட்டபடி அளந்தால் எண் உயரும். பிராணாயாமம் செய்துகொண்டே எடுத்த அளவையும் சும்மா படுத்திருந்து எடுத்த அளவையும் ஒரே வரைபடத்தில் வைக்காதீர்கள். ஆப்பிள் வாட்சில் மூச்சுப் பயிற்சி ஆப்பை ஓட்டினால் அந்த நேரத்தில் ஒரு எச்ஆர்வி அளவு பதிவாகும். அது மற்றவற்றைவிட உயர்ந்து நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். இன்னொன்று மாத்திரை. ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை தொடங்கியிருந்தால் நாடி குறைந்து எச்ஆர்வி ஏறலாம். அதை இனிப் புதிய அடிப்படையாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எண் குறைகிறது, ஏறுகிறது என்று மாத்திரையில் கைவைக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

காலையில் எண்ணே வரவில்லை

இதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. வாட்ச் புதிது என்றால் பொறுக்க வேண்டும். கார்மினின் எச்ஆர்வி ஸ்டேட்டஸ் உங்களுக்கான வரம்பைக் கட்டவே சுமார் மூன்று வாரத் தூக்கத்தைக் கேட்கும். ஃபிட்பிட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வேண்டும். நடுராத்திரி விழித்து இரண்டு துண்டாகத் தூங்கும் இளம் தாய்மார்களுக்கும் இரவு ஷிப்ட்காரர்களுக்கும் எண் காணாமல் போவது இதனால்தான். பகலில் தூங்குபவர்கள் ஆப்பில் தூக்க நேரத்தை அதற்கேற்ப மாற்றிவையுங்கள். மாற்றாவிட்டால் சில வாட்ச்கள் பகல் தூக்கத்தைக் குட்டித் தூக்கம் என்று ஒதுக்கிவிடும்.

அடுத்து பேட்டரி சேவர். சார்ஜ் குறைந்தால் தானாகவே அந்த மோடுக்குப் போய், இரவு முழுக்க நாடி பார்ப்பதையே நிறுத்திவிடும் வாட்ச்கள் உண்டு. படுக்கும் முன் சார்ஜில் போட்டு அங்கேயே மறந்துவிடுவதும் நடப்பதுதான். நான் குளிக்கப் போகும்போது சார்ஜில் போடுவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

நேற்று வரை வந்தது, இன்று மட்டும் இல்லை என்றால் ஸ்ட்ராப் தளர்ந்து வடிகட்டி எல்லாத் துடிப்பையும் ஒதுக்கியிருக்கும். இப்படி வெற்றிடம் காட்டும் வாட்ச் நல்ல வாட்ச் என்பேன். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டவில்லையே.

இரண்டு வாட்ச் இரண்டு எண் சொல்கிறது

கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, இரண்டையும் ஒருவரே கட்டிப் பார்க்க, ஒன்று 35, இன்னொன்று 58. எது சரி? இரண்டுமே சரியாக இருக்கலாம்.

முதல் காரணம் கணக்கே வேறு. கார்மின், போலார், ஃபிட்பிட், ஓரா மோதிரம் எல்லாம் ஆர்எம்எஸ்எஸ்டி. ஆப்பிள் வாட்ச் ஹெல்த் ஆப்பில் காட்டுவது எஸ்டிஎன்என். முன்னது பக்கத்துத் துடிப்புகளின் வித்தியாசம், பின்னது மொத்த இடைவெளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற திட்ட விலக்கம். இரண்டுக்கும் அலகு மில்லி விநாடிதான் என்பதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. படியும் லிட்டரும் போல என்று சொல்லலாம் என்று பார்த்தால் அதுவும் பொருந்தாது, படியை லிட்டராக மாற்றக் கணக்கு இருக்கிறது. இங்கே அது கிடையாது.

இரண்டாவது, எப்போது அளந்தது என்பது. ஓரா இரவு முழுக்க ஐந்தைந்து நிமிடமாக அளந்து சராசரி போடுகிறது. போலாரின் நைட்லி ரீசார்ஜ் தூக்கத்தின் தொடக்கத்தில் சுமார் நான்கு மணி நேரத்தைப் பார்க்கிறது. அதனால் இரவு பத்தரைக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுப் படுத்தால் போலாரில் அடி பலமாக விழும். இரவு முழுக்கச் சராசரி போடும் கருவியில் விடியற்காலை வந்து கொஞ்சம் ஈடுகட்டிவிடும். ஆப்பிள் வாட்சோ பகலிலும் இரவிலும் தனக்குத் தோன்றிய நேரத்தில் சுமார் ஒரு நிமிடம் அளக்கிறது. படியேறி வந்து உட்கார்ந்த நிமிடமும் ஆழ்ந்த தூக்கத்தின் நிமிடமும் ஒரே சராசரிக்குள் போய்விழும்.

மூன்றாவது, எவ்வளவு நேரம் அளந்தது என்பது. ஐரோப்பிய இதயவியல் சங்கமும் வட அமெரிக்கப் பேஸிங் மற்றும் மின்உடலியல் சங்கமும் கூடி 1996இல் வெளியிட்ட தர அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வெவ்வேறு நீளத்தில் பதிவான எஸ்டிஎன்என்களை ஒப்பிடக் கூடாது. குறுகிய பதிவுக்கு ஐந்து நிமிடம், நீண்டதற்கு 24 மணி நேரம் என்று அவர்கள் வகுத்ததே இன்றும் ஆய்வுகளில் நிற்கிறது.

ஆகவே ஒரே கருவி, ஒரே நேரம், ஒரே நிலை. இதைச் செய்ய முடிந்தால் எந்த வாட்சும் போதும். வாட்ச் மாற்றுகிறவர்கள் பழையதையும் புதியதையும் மூன்று வாரம் சேர்த்தே கட்டுங்கள். இரண்டு கையிலும் வாட்ச் கட்டினால் ஆபீஸில் சிரிப்பார்கள், தூங்கும்போது கட்டினால் போதும். வாட்சின் உள் மென்பொருளுக்கு (ஃபர்ம்வேர்) அப்டேட் வந்த நாளையும் எங்காவது குறித்துவையுங்கள். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு என் சராசரி ஒரு படி ஏறி அங்கேயே நின்றது. உடம்பில் எந்த மாற்றமும் இல்லை, கணக்குப்போடும் முறையை மாற்றியிருப்பார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஓடுகிறவரின் எண்ணோடு ஒப்பிடுவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. வயது ஏற ஏற எண் குறையும், மரபிலேயே சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு. 25ஐ வைத்துக்கொண்டு நன்றாக ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தினமும் பம்பரமாய் ஆடுகிறது

நேற்று 42, இன்று 31, நாளை 47. இது பிழையே இல்லை, பெரும்பாலும் இயல்பு. தனி நாள் எண்ணை மறைத்துவிட்டு ஏழு நாள் சராசரியை மட்டும் பாருங்கள். கார்மின் தன் ஸ்டேட்டஸை ஏழு நாள் சராசரியை வைத்துத்தான் முடிவு செய்கிறது.

காலையில் தானே அளப்பவர்களுக்கு ஆட்டம் கூடுதலாக இருந்தால் சடங்கைச் சரிசெய்ய வேண்டும். எழுந்ததும் பாத்ரூம் போய்வந்து, காபிக்கு முன்னால், போனைத் திறந்து பார்ப்பதற்கும் முன்னால். படுத்து அளப்பதா உட்கார்ந்து அளப்பதா என்று ஒன்றை முடிவுசெய்து அதிலேயே நில்லுங்கள். நின்றுகொண்டு அளந்தால் எண் நன்றாகக் குறையும், அதனால் கலக்கக் கூடாது. எச்சில் விழுங்குவது, கொட்டாவி, பேச்சு எல்லாம் அளவைக் கலைக்கும். முதல் அரை நிமிடம் சும்மா இருந்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள். எனக்கு இதில் பெரிய எதிரி குக்கர் விசில். மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கும் மனிதனின் எச்ஆர்வி எதையும் சொல்லாது.

நன்றாகப் பயிற்சி எடுத்து ஓய்வு நாடி நாற்பதுகளில் இருப்பவர்களுக்கு ஒரு விசித்திரம் உண்டு. நாடி மிகவும் இறங்கிக் கிடக்கும்போது எச்ஆர்வியும் சேர்ந்து இறங்கலாம். இதயத்தை இளைப்பாற வைக்கும் நரம்பின் பிடி உச்சத்தில் இருப்பதால் ஏற்ற இறக்கத்துக்கே இடமில்லாமல் போகிறது. நாடியும் குறைவு, எண்ணும் குறைவு, உடம்பு சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் ஓய்வெடு என்று வாட்ச் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். உட்கார்ந்து அளந்து பாருங்கள், பல நேரம் இந்தச் சிக்கல் விலகிவிடும்.

எண் இறங்கிவிட்டது, ஏற மறுக்கிறது

இங்கேதான் வாட்சை விட்டுவிட்டு நம்மைப் பார்க்க வேண்டும்.

ஒரே இரவில் இறங்கினால் முந்தின மாலையைக் கேளுங்கள். குடி இருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். இரண்டு பெக் போதும், நாடி ஏறி எச்ஆர்வி சரியும், அடுத்த இரவும் பழைய நிலைக்கு வராமல் போகலாம். இரவுச் சாப்பாடு தாமதம், மாலையில் கடும் பயிற்சி, தூக்கமின்மை எல்லாம் இந்தப் பட்டியலில் வரும்.

நம் ஊருக்கென்று ஒரு காரணம் உண்டு, வெயில். ஏப்ரல், மே மாதங்களில் இரவிலும் சூடு தணியாது. உடம்பு தன்னைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும், அதனால் நாடி ஏறும், எண் இறங்கும். எங்கள் தெருவில் ராத்திரி கரண்ட் போன மே மாத நாட்களை வரைபடத்தில் என்னால் கைகாட்ட முடியும். ஃபேன் நின்ற இரவெல்லாம் பள்ளம். கோடை தொடங்கும்போது சராசரி மெல்லச் சரிவதைப் பார்த்துப் பயிற்சி அதிகமாகிவிட்டது என்று பயந்து ஓட்டத்தை நிறுத்தியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். கொஞ்சம் குறைத்தால் போதும். ஜூனில் தென்மேற்குக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே வரத் தொடங்கியதும் கோவைக்காரர்களின் எண் தானாகத் திரும்பும்.

பெண்களுக்கு மாதச் சுழற்சியின் பின்பாதியில் எண் இறங்கி, நாடி ஏறுவது வழக்கம். இரண்டு மூன்று மாதம் தேதியோடு சேர்த்துப் பார்த்தால் அலை போலத் தெரிந்துவிடும். அதை மனதில் வைக்காத வாட்ச் மாதாமாதம் எச்சரிக்கை மணி அடிக்கும். அடிக்கட்டும்.

எந்தக் காரணமும் பிடிபடாமல் எண் சட்டென்று பாதியாகி, ஓய்வு நாடியும் ஏழெட்டு ஏறியிருந்தால் அன்று ஓடப் போகாதீர்கள். காய்ச்சல் வெளியே தெரிவதற்கு முதல் நாளே இப்படி வருவதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். எச்ஆர்வி மட்டும் இறங்கி நாடி அப்படியே இருந்தால் அவ்வளவு கவலை வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் படிக்கப் பழகிக்கொண்டால் பாதி குழப்பம் தீரும்.

வாரக்கணக்கில் சரிவு நிற்காமல், கால் கனத்து, ஓட்ட வேகமும் குறைந்து, எரிச்சலும் கூடியிருந்தால் பயிற்சி அட்டவணையைத் திறந்து பாருங்கள். மாரத்தான் நெருங்குகிறதே என்று நீளத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் ஏற்றியிருப்பீர்கள். ஒரு வாரம் பாதியாகக் குறைத்தும் ஏறாவிட்டால் ரத்தப் பரிசோதனைக்குப் போவது நல்லது. இரும்புச் சத்தும் தைராய்டும் வாட்சில் தெரியாது.

ஓடும்போது எச்ஆர்வி பார்த்தால் அபத்தமாக இருக்கிறது

மணிக்கட்டு சென்சாரை வைத்து என்றால் அபத்தமாகத்தான் இருக்கும். நாடி 170 என்றால் ஒரு இடைவெளி சுமார் 353 மில்லி விநாடி. கடுமையாக ஓடும்போது ஆர்எம்எஸ்எஸ்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். கை வீச்சில் சென்சார் செய்யும் பிழை அதைவிடப் பெரிது. சில நேரம் நாடிக்குப் பதிலாகக் காலடியையே எண்ணிவிடும். நிமிடத்துக்கு 175 அடி, நாடியும் 175 என்று அசையாமல் காட்டினால் அதுதான் விஷயம்.

ஓடும்போது துடிப்பு இடைவெளியை அளக்க வேண்டும் என்றால் நெஞ்சில் கட்டும் செஸ்ட் ஸ்ட்ராப் கட்டியே ஆக வேண்டும். கார்மினில் எச்ஆர்வி பதிவு என்ற செட்டிங்கை ஆன் செய்தால்தான் ஒவ்வொரு துடிப்பும் ஃபைலில் ஏறும், பலர் இதைத் தவறவிடுகிறார்கள். அந்த ஃபைலைக் கூபியோஸ் மாதிரியான மென்பொருளில் திறந்தால் பிழைத் துடிப்புகளைக் கண்ணால் பார்க்கலாம். இடைவெளிகள் ஒரு பட்டையாக ஓடிக்கொண்டிருக்கும். தனியே மேலே குத்தி நிற்கும் ஊசி, தவறிய துடிப்பு. கீழே ஒரு குத்து, உடனே மேலே ஒரு குத்து என்றால் முந்திய துடிப்பு. இந்த இரண்டு உருவத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

செஸ்ட் ஸ்ட்ராப் கட்டியும் குப்பையாக வருகிறது

ஸ்ட்ராப் இதயத்தின் மின்னோட்டத்தையே பிடிப்பதால் ஒளி சென்சாரைவிடப் பல மடங்கு நம்பகமானது. ப்ளூடூத்தில் இடைவெளியை 1/1024 விநாடி அளவில் அனுப்புகிறது. அதுவும் சொதப்பினால் காரணம் பெரும்பாலும் தண்ணீர். காய்ந்த தோலில் மின்முனை பிடிக்காது. கட்டுவதற்கு முன் இரண்டு மின்முனைகளையும் குழாயில் நனையுங்கள். எச்சில் தொட்டுக் கட்டுகிறவர்களும் உண்டு, வேலை செய்யும், அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. முதல் பத்து நிமிடம் தாறுமாறாக இருந்து, வியர்த்த பிறகு சரியாகிறது என்றால் நனைக்காமல் கட்டியிருக்கிறீர்கள்.

நனைத்தும் சரியாகவில்லை, தொளதொளவென்ற பாலியஸ்டர் பனியன், காற்று அடிக்கும் காலை என்றால் துணி உரசி உண்டாகும் நிலைமின்சாரம் காரணம். உடலோடு ஒட்டிய பனியனைப் போட்டுப் பாருங்கள். ஸ்ட்ராப் நடுவில் நிற்காமல் கீழே நழுவினால் எலாஸ்டிக்கின் ஆயுள் முடிந்துவிட்டது. சென்சார் பெட்டியை வைத்துக்கொண்டு பட்டையை மட்டும் மாற்றலாம்.

அவ்வப்போது இணைப்பு அறுந்தால் பேட்டரியை மாற்றுங்கள். போலார் எச்10 பெட்டிக்கு சிஆர்2025 வில்லை வேண்டும், கடைக்காரர் கையில் கிடைத்த சிஆர்2032ஐக் கொடுத்து "இதுவும் அதேதான் சார்" என்பார். அது தடிமன் அதிகம், மூடி சரியாக உட்காராது.

கடைசியாக ஒன்று. ஓடி வந்ததும் ஸ்ட்ராப்பைத் தண்ணீரில் அலசிக் கொடியில் போடுகிறோம் இல்லையா, பெட்டியைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். ஈரப் பட்டையில் மாட்டியே விட்டால் இன்னும் யாரோ நெஞ்சில் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அது விழித்தே இருக்கும். பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கு எங்கள் குரூப்பில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.